காந்தம் மேடம் கார் பார்த்த கதை

காந்தம் மேடத்துக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மோதிய வண்டி, முழுகிய வண்டி, மரம் விழுந்த வண்டி என்று எது வந்தாலும் போய்ப் பார்த்து, எவ்வளவு சேதம் என்று எழுதிக் கொடுப்பது இன்சூரன்ஸ் ஆபீசில் அவர் வேலை. சட்டைப்பையில் எப்போதும் கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம் இருக்கும். வண்டியின் உடம்பில் அதை வைப்பார். ஒட்டினால் தகரம். வழுக்கி விழுந்தால், துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி போட்டு அடைத்து மேலே பெயிண்ட் அடித்து யாரோ காதில் பூச்சுற்றப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் லீவு நாளில் மேடத்தை வற்புறுத்தி அழைத்துப் போவதுண்டு. அவரும் போவார், ஒரே ஒரு நிபந்தனையோடு. வாங்க ஆசைப்படுகிறவர் வண்டியிலிருந்து பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும். கிட்டே வரக் கூடாது, தொடக் கூடாது, உள்ளே உட்காரவே கூடாது. ஆசை வந்த கண்ணுக்குத் துரு தெரியாது என்பது அவர் முப்பது வருடம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கண்டுபிடித்த விஷயம். தங்கையின் கணவரைக்கூட ஒருமுறை வெயிலில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்து, கடைசியில் "வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த மனிதர் இன்றுவரை மேடத்தைப் பார்த்தால் வெயிலில் நிற்பவர் மாதிரிதான் கண்ணைச் சுருக்குகிறார்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் வினை ஒரு புதன்கிழமை வந்தது. ரிட்டையரான மாட்டு டாக்டர் ஒருவரின் ஜீப் மேல் மரக்கிளை விழுந்துவிட்டது என்று பார்க்கப் போனார். ஜீப்புக்குப் பின்னால், கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ பச்சையாக எட்டிப் பார்த்தது. தூக்கிப் பார்த்தார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, நீண்ட மூக்கு, உருண்டைக் கண். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார். உடம்பெல்லாம் துரு, சீட்டில் எலி குடும்பம் நடத்திய தடயம். ஜீப்பை மறந்து நின்ற மேடத்திடம், வேண்டுமானால் விலைக்குத் தருவதாக டாக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அவராக இல்லை. சாப்பிடும்போது தானாகச் சிரித்தார். ஒரு நசுங்கிய லாரியின் அறிக்கையில், 'சேதத்தின் தன்மை' என்ற இடத்தில் 'பச்சை' என்று எழுதி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கும் சிரித்தார். யோசித்துப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில், இது எனக்கு வேண்டும் என்று அவர் எதையுமே கேட்டதில்லை. வீடு, கணவரின் கடைக்குப் பக்கம் என்பதால் அமைந்தது. ஸ்கூட்டர் ஆபீஸ் கொடுத்தது. சோபா, அக்கா வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கியது. முதல் தடவையாக மனசு ஒன்றைக் கேட்கிறது, அதுவும் துருப்பிடித்ததைக் கேட்கிறது. அடுத்தவர்களுக்கெல்லாம் வேணாம் சொன்ன வாயால் தனக்கு மட்டும் எப்படிச் சரி சொல்வது?

"நீங்கதான் பாக்கணும்" என்றார் கணவரிடம்.

கணவருக்குச் சொந்தமாக பேக்கரி. ரொட்டியைத் தவிர உலகத்தில் அவருக்கு வேறெதுவும் தெரியாது, ரொட்டி முழுவதும் தெரியும். "நானா? எனக்குக் காருக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே சந்தேகமா இருக்கும்மா."

"அதனாலதான். உங்களுக்கு ஆசை இல்ல பாருங்க. ஆனா ஒண்ணு, எனக்காக ஒரு எழுத்து கூட்டியோ குறைச்சோ எழுதக் கூடாது. நீங்க வேணாம்னு எழுதினா நான் திரும்பிப் பாக்காம வந்துடுவேன்."

ஞாயிறு காலை, கொட்டகைக்குப் பத்தடி தள்ளித் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் மேடம் நின்றுகொண்டார். ரொட்டிக்காரர் கையில் டார்ச், காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஆபீஸ் படிவம். நடப்பது என்னவென்று புரியாமல் மாட்டு டாக்டர் நடுவில் நின்றார்.

"ஏங்க, பாக்க வந்தது யாரு? வாங்கறது யாரு?"

"பாக்கறது நானு, பாக்கத் தெரிஞ்சவங்க அவங்க" என்றார் ரொட்டிக்காரர். டாக்டருக்கு இன்னும் குழப்பம்தான் கூடியது.

"மூடியைத் திறங்க!" குழாயடியிலிருந்து ஆணை வந்தது. "எஞ்சின் முன்னாடி ஒரு ஃபேன் இருக்கும். பெல்ட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கையால சுத்துங்க. சுத்துதா?"

"சுத்துதும்மா! ஒட்டடையோட சேந்து சுத்துது!"

எஞ்சின் இறுகிப் போகவில்லை. மேடத்துக்குக் குப்பென்று சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார். அடுத்து சின்னச் சாமான்கள். எஞ்சினைக்கூடச் சரிபண்ணிவிடலாம், இந்த வயசு வண்டிக்கு ஒரு விளக்கு வளையம் தொலைந்திருந்தால் அதைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும். வளையம் இருந்தது, கைப்பிடிகள் இருந்தன, மீட்டர்கள் ஐந்தும் இருந்தன. ரொட்டிக்காரர் ஒவ்வொன்றாகக் கத்தக் கத்த, மேடம் தன்னை அறியாமல் ஏழடிக்கு வந்திருந்தார்.

"இப்ப முக்கியமானது. கதவுக்குக் கீழ முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் பொட்டி மாதிரி ஒரு சட்டம் ஓடும், ரெண்டு பக்கமும். கூரை இல்லாத வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேக்கணும்."

ரொட்டிக்காரர் குனிந்து காதைச் சாய்த்துத் தட்டினார். வெந்த ரொட்டியா வேகாத ரொட்டியா என்று அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தே சொல்கிற காது அது. இடது பக்கம் முழுக்கத் தட்டிவிட்டு முகம் மலர நிமிர்ந்தார். "நல்லா வெந்திருக்கு!"

"அந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம் போனார். தட்டினார். மறுபடியும் தட்டினார். முகம் சுருங்கியது. "இங்க வேகலம்மா. உள்ள மாவா இருக்கு." காந்தத்தை வைத்தார், அது டொப்பென்று தரையில் விழுந்தது. உள்ளே பாயை விலக்கி டார்ச் அடித்தார். "வலது பக்கம் தரையே இல்ல. ஒரு எறும்பு போறது தெரியுது."

அந்த டொப் சத்தம் மேடத்துக்கும் கேட்டது. ஊரில் எத்தனை பேரை அந்தச் சத்தத்தைச் சொல்லியே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். சட்டம் ஒரு பக்கம் போயிருக்கிறது, தரை போயிருக்கிறது. வெட்டி எடுத்துப் புதுசு வைத்து வெல்டிங் அடித்து முடிக்க இரண்டு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். கணக்குக்கு ஒத்தே வராது. வேறு யாராவது வாங்க வந்திருந்தால் இந்நேரம் கை கழுவிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

மேடம் கிளம்பினார்தான், ஆனால் வண்டியைப் பார்த்து. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தார். சரசரவென்று வந்து, வலது கதவைத் திறந்து, எலி வீட்டின் மேல் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஆகா! நீண்ட மூக்குக்கு அப்பால் கொட்டகை வாசல், அதற்கு அப்பால் தெரு, அதற்கு அப்பால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மனசு கும்மாளம் போட்டது. வாயாலேயே ஹாரன் அடித்தார்.

"ஏம்மா, நீ பத்தடியில இல்ல நிக்கணும்?"

குட்டு உடைந்த வெட்கத்தில் இறங்கப் போனார். கதவு வரவில்லை. தோளால் தள்ளினார். அசையவில்லை. அவர் உட்கார்ந்த கனத்தில் உளுத்த சட்டம் நடுவில் தொய்ந்து, கதவைப் பற்றிப் பிடித்துக்கொண்டுவிட்டது.

முதலில் சிரித்தது மேடம்தான். மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "முப்பது வருஷத்துல எனக்கு இவ்வளவு தெளிவா பதில் சொன்ன வண்டி இதுதாங்க!"

"அப்ப என்ன எழுத?" ரொட்டிக்காரர் படிவத்தைப் பிரித்தார். சொன்ன சொல் மாறாமல் எல்லாக் குறையும் குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தார். கடைசிக் கட்டம் மட்டும் காலி. "வாங்கலாமா வேணாமான்னு கேட்டிருக்கு."

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு மீட்டர்களைப் பார்த்தார். "வேணாம்னே எழுதுங்க" என்றார். "அதுதான் நியாயம்."

ரொட்டிக்காரர் எழுதவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார், அப்புறம் மேலே பார்த்தார். "ஏம்மா, இதுக்குக் கூரையே கிடையாது. எந்திரிச்சுக் காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டா இறங்கிடலாம். நீ ஏன் இன்னும் உக்காந்திருக்க?"

மேடம் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இதற்குள் மாட்டு டாக்டர் பதறிப் போய் எங்கிருந்தோ ஒரு கடப்பாரையோடு ஓடி வந்தார். "கவலைப்படாதீங்க மேடம், கன்னுக்குட்டி மாட்டிக்கிட்டாக்கூட எடுத்திருக்கேன். இந்தக் கதவை ஒரே நெம்பு!"

"என் கதவு மேல கைய வச்சீங்க, தெரியும் சேதி!"

கொட்டகையே அதிர்ந்தது. டாக்டர் கடப்பாரையைத் தூக்கினது தூக்கினபடி நின்றார். "யார் கதவு?" என்று மெதுவாகக் கேட்டார்.

மேடத்துக்கு முகம் சிவந்தது. ஸ்டீயரிங்கை விடாமல் கணவரைப் பார்த்தார். "முப்பது வருஷமா ஊரான் வண்டிக்கு அடியிலயே படுத்துக் கிடந்துட்டேங்க. ஒரு தடவை என் வண்டிக்கு அடியில படுக்கணும்போல இருக்கு. ஓடணும்னுகூட இல்ல. எனக்கு இது வேணும்."

ரொட்டிக்காரர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இதைச் சொல்றதுக்கா என்னை எறும்பெல்லாம் எண்ண விட்ட?" என்று கேட்டுவிட்டு, அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

டாக்டர் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். "சரி, நான் போயி சாவியையும் காகிதத்தையும் எடுத்துட்டு வரேன்."

"டாக்டர்!" மேடம் சீட்டின் மேலேயே எழுந்து நின்று கூப்பிட்டார். "வரும்போது ஒரு பழைய சாக்கு இருந்தா எடுத்துட்டு வாங்க. கீழ விரிக்கணும்."