கார் ஷெட் தரையும் நான் சொன்ன பொய்யும்

போலீஸ் வேலையிலிருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று தென்காசி வீட்டுக்கு வந்த வருஷம், கார் வாங்குவதற்கு முன்பே அதற்கு ஷெட் போட ஆரம்பித்துவிட்டேன். கூரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தரை கிடக்கட்டும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டைக் கட்டியவர் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், வாயைத் திறந்தால் 'சரிங்கய்யா' மட்டும்தான் வரும். அவர் போட்ட மாடித் தளம் இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அதை யாராவது சொன்னால் மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும்.

ஆனி மாதம், குற்றாலத்துச் சாரல் சீசன் நேரம். காலையில் ஆரம்பித்து சாயங்காலத்துக்குள் கான்கிரீட் போட்டு, பலகை இழுத்து, மட்டம் பார்த்து முடித்துவிட்டார். போகும்போது ஒரு கட்டு சாக்கைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். இந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். தளம் போடுவது கொத்தனார் வேலை. அதை நனைத்துப் பாதுகாப்பது வீட்டுக்காரன் பொறுப்பு. கொத்தனார் அடுத்த சோலிக்குப் போய்விடுவார்.

"சாரல நம்பிராதீய அய்யா" என்றார். "தூத்தல் கொஞ்சம்தான் விழும், காத்து அவ்வளவையும் குடிச்சிரும். காலையில சாக்கை விரிச்சு, ஏழு நாளைக்கு ஈரம் காயாமப் பாத்துக்கிடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, சீசனில், தரைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்! துவைத்த வேட்டி மூன்று நாளாகக் காயவில்லை என்று வீட்டில் புலம்பல். இந்தத் தப்பை வெளியூர்க்காரன் செய்ய மாட்டான். அவன் பயந்துபோய் சொன்னபடி குடம் குடமாக ஊற்றியிருப்பான். சாரலிலேயே வளர்ந்த எனக்குத்தான் அந்தத் திமிர்.

மறுநாள் மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் குளிக்க வந்து இறங்கினார்கள். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவதாக, அவர்களோடு ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் அலைந்தேன். எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்கு மூட்டு வலி, குழாயை இழுத்துப் பிடிக்க முடியாது. சாக்கை நனைக்க வேண்டாமா என்று ஒருமுறை கேட்டாள். வானமே நனைக்கும்போது உனக்கென்ன வந்தது என்று எரிந்து விழுந்தேன்.

அருவியில் தண்ணீர் கொட்டிய அந்த நாட்களில் தென்காசியில் தூறலே இல்லை. வெயிலும், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் பேய்க் காற்றும்தான். மூன்றாம் நாள் பகலிலேயே திரும்பி வந்து பார்த்தால் தரை வெடித்துக் கிடந்தது. தூணடியில் தொடங்கிய கீறல் கேட் வரைக்கும் ஓடி, வழியில் நாலைந்தாகப் பிரிந்திருந்தது. ஆணி நுழையும் அகலம். சாக்குக் கட்டு கட்டியபடியே சுவரோரம் இருந்தது. யார் செய்த தப்பு என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

'புதுத் தரையா இது?' என்று சம்பந்தி கேட்டுவிட்டார். மானம் போயிற்று. கொத்தனாருக்கு போன் போட்டு உடனே வரச் சொன்னேன். சம்பந்தி வீட்டார் உள்ளே சாப்பிட உட்கார்ந்ததும், சாக்குகளைப் பிரித்துத் தரை முழுக்க விரித்து, குழாயைத் திறந்து நன்றாக நனைத்தேன். தடயத்தை எப்படித் தயார் செய்வது என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொத்தனார் வந்ததும், "ஏலே, என்ன லெட்சணத்துல கலவை போட்டிருக்கே?" என்றேன். அத்தனை வருஷத்தில் நான் அவரை 'லே' போட்டுப் பேசியதில்லை. அவர் குத்தவைத்து, சாக்குகளை ஒவ்வொன்றாக விலக்கி, கீறல் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட் வரைக்கும் போனார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"மூணு நாளும் நனைச்சியளா அய்யா?"

"நனைச்சேன்."

அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாளும் யாரும் கூப்பிடாமல் அவராகவே வந்து, கீறல்களை உளியால் கொத்தி அகலப்படுத்தி, சிமெண்டைக் குழைத்து அடைத்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. மணல் சரியில்லையோ, தண்ணீர் கூடிவிட்டதோ என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். நான் வராந்தாவில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு, ஒரு எழுத்துகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆலங்குளத்தில் ஒரு வீட்டுக்கு மாடித் தளம் போட ஒப்புக்கொண்டிருந்தவர், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். அதன் பிறகு தளம் போடும் வேலை எதையுமே அவர் ஏற்கவில்லை. சந்தையில் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வந்து என் மனைவிதான் சொன்னாள்.

"அவரு கை மேலயே அவருக்கு நம்பிக்கை போயிட்டு. போயிச் சொல்லிட்டு வந்திருங்க."

என்ன சொல்ல வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று ஒரு வருஷத்தை ஓட்டினேன். எத்தனையோ பேரை மிரட்டி உண்மையைக் கக்க வைத்தவனுக்கு, ஒரு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு நடந்துபோக முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசியில் கேரள எல்லையோரம், புளியறையில்தான் அவரைப் பார்த்தேன். செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு கொத்தனாருக்குக் கையாளாகத் தலையில் கல் சுமந்துகொண்டிருந்தார். காரை ஓரம் கட்டிவிட்டு, டீ குடிக்கக் கூப்பிட்டேன். தலைத்துண்டை உதறிவிட்டு வந்தார். இந்த முறை டீ கிளாஸை வாங்கிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னேன். மூன்று நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, தப்பு முழுக்க என்னுடையது, உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சிரித்தார். ஆறுதல் சொல்ல வந்த ஆளைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"எனக்காகச் சொல்லுதீய. மனசு கேக்காம இவ்வளவு தூரம் வந்து சொல்லுதீயளே, அது போதும்."

"இல்ல கொத்தனாரே, சத்தியமா…"

"நான்தான் அன்னைக்குத் தொட்டுப் பாத்தேன்லா அய்யா. சாக்கு சொதசொதன்னு நனைஞ்சுல்லா கிடந்துச்சு."

கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கல் சுமக்கப் போனார்.