சத்தம் அடங்கிய வால்வு

1. முதல் நாள்

தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஓர் இதய டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பு பத்தாவது. பெண்களுக்கு ஈ.சி.ஜி. எடுக்க ஒரு பெண் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்த அம்மாவின் மார்பில் ரப்பர் பல்புகளை ஒட்டும்போது, "ஷாக் அடிக்குமா பாப்பா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். டாக்டரிடம் கேட்கக் கூச்சம். "அடிக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்விட்சைப் போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ திரையில் வால்வு படபடவென்று அடித்துக்கொள்ளும். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் ஜாஸ்தியானது. டாக்டரே ஒருநாள் கவனித்துவிட்டார்.

"என்னம்மா முழிக்கிற? தீபத்தப்ப கோயில் கியூ பாத்திருக்க இல்ல? கொஞ்சம் பேரை உள்ள விட்டுட்டு கேட்டை மூடிடுவாங்க. மூடலன்னா?"

"போனவங்க திரும்பி வந்துடுவாங்க சார்."

"சரியா திறக்கலன்னா?"

"வெளியில நெரிசலாயிடும் சார்."

"அவ்ளோதான். இதயத்துல நாலு கேட்டு இருக்கு. ரத்தம் முன்னாடி மட்டும்தான் போகணும்."

அன்றைக்குப் புரிந்தது. மறுநாள் எந்த கேட் எங்கே என்று மறுபடி குழம்பிவிட்டது.

2. வளர்மதி

வளர்மதி கீழ்பென்னாத்தூர் பக்கம். வேர்க்கடலை போடும் குடும்பம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போய், சென்னையில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. மாதா மாதம் எங்களிடம் ரத்தப் பரிசோதனை.

பக்கத்தில் நின்றாலே டிக் டிக் என்று கேட்கும். அவள் கணவர் ஏழுமலைக்கு அதில் ஒரே கிண்டல்.

"வீட்டுக்குக் கடிகாரமே வாங்கல மேடம். இதுக்கு சாவி குடுக்க வேணாம், சோறு போட்டா ஓடும்."

"இவரு மண்டைக்குள்ள ஒண்ணு வெச்சிருந்தா புண்ணியமா போயிருக்கும்" என்பாள் வளர்மதி.

கடலை பிடுங்குகிற சமயத்தில் ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதம் மாமியாரும் கூட வந்தார். மூன்று பேருக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

"சத்தம் அடங்கிடுச்சு மேடம். உடம்போட செட்டாயிடுச்சு" என்றார் ஏழுமலை.

"வெளுத்துப்போய் கெடந்தா. தெனமும் முருங்கைக்கீரை ஆக்கிப் போட்டேன்" என்றார் மாமியார்.

எனக்கும் சந்தோஷம். ஆனால் ஈ.சி.ஜி.க்குப் படுக்கச் சொன்னால் வளர்மதியால் படுக்க முடியவில்லை. மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்துவிட்டாள். குனிந்து கேட்டேன். சத்தமே இல்லை. சத்தம் அடங்கியது நல்லதென்றால், இந்த மூச்சிரைப்பு எதற்கு? ஒன்றும் புரியாமல் டாக்டரிடம் போனேன்.

"சார், வளர்மதிக்கு சத்தம் அடங்கிடுச்சாம். தெனமும் முருங்கைக்கீரை குடுத்தாங்களாம். ஆனா படுக்க முடியலங்குது."

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். எக்கோ பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டியிருந்தது.

"கேட்டு மூடுற சத்தம்தாம்மா அது. சத்தம் வரலன்னா கேட்டு அசையலன்னு அர்த்தம். திடீர்னு இவ்ளோ கீரை சேத்தா மாத்திரை வேலை செய்யாது."

"கீரை சாப்பிடுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்றீங்க?" மாமியாருக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லதுதாம்மா. இந்த மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் எங்களைக் கேக்காம கூட்டவோ கொறைக்கவோ கூடாது."

உடனே சென்னைக்கு அனுப்பினார். வண்டி கிளம்பும்போது ஏழுமலை அவள் மார்போரம் காதை வைத்தபடியே இருந்தார்.

3. ஃபேன்

சில வாரம் எந்தச் செய்தியும் இல்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை. ஒரு காலையில் ஏழுமலை மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மேடம், அந்த ஃபேனை நிறுத்துங்க."

நிறுத்தினேன். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வளர்மதி மெதுவாக உள்ளே வந்தாள்.

டிக். டிக். டிக்.

"கேக்குதா?" என்றார் மாமியார், யாரிடமென்று இல்லாமல்.

நாலு வால்வின் பெயரையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் தடுமாறுவேன். நல்ல கீரை எப்படி ஒருவருக்கு இப்படிச் செய்யும் என்பதும் முழுசாகப் பிடிபடவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். உலோக வால்வு வைத்தவர் வந்தால், வேறு எதற்கும் முன்னால் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.