கொடி ரப்பர்களை வைத்து ஒரு பெயர்ச்சொல் வகுப்பு

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு டியூஷன் மையம். ஆங்கில ஆசிரியர் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மறுநாளே போய் நின்றேன்.

"மூனாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் நடத்திக் காட்டு. அப்புறம் வேலையப் பத்திப் பேசலாம்" என்றார் மையத்தை நடத்தும் மேடம்.

பொதுப்பெயர், சிறப்புப்பெயர், பன்மை, உடைமை. பாதி நேரத்திலேயே எல்லாவற்றையும் பலகையில் எழுதி முடித்துவிட்டேன்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

ஒருவருக்கும் புரியவில்லை என்பது அந்த ஒரே குரலிலேயே தெரிந்தது. மீதி நேரத்துக்கு என்னிடம் சரக்கு இல்லை. இந்த வேலை கிடைக்காது என்று தோன்றியது.

அப்போது பின்மேசையில் இரண்டு சிறுமிகளுக்குள் சண்டை. நாட்டுக் கொடிகள் அச்சிட்ட குட்டி ரப்பர்கள். விரலால் ஓரத்தை அழுத்தித் துள்ளவைத்து, நம்முடையதை மற்றவர் ரப்பர் மேல் ஏற்றிவிட்டால் அந்த ரப்பர் நமக்கு.

"நான் ஜெயிச்சேன், என்னுது!"

"இல்ல லா, அது எங்க அக்காவோட ஜப்பான்! கேக்காம எடுத்துட்டு வந்தேன், வீட்ல அடி விழும்!"

நானும் பள்ளியில் இந்த ஆட்டத்தில் பலரை அழவைத்தவள்தான். எல்லாரையும் தங்கள் ரப்பர்களை நடுமேசையில் கொட்டச் சொன்னேன். "எந்த நாடு, யாரோடது, இங்கிலீஷ்ல முழுசா சொன்னாதான் திரும்பக் கிடைக்கும்."

ஒரே கூச்சல். "திஸ் இஸ் மை சிஸ்டர்ஸ் ஜப்பான்!" "தோஸ் ஆர் மை ரப்பர்ஸ், ஷீ இஸ் லையிங் டீச்சர்!" ஒருவன், சொல்லை இரண்டு முறை சொல்லிப் பன்மையாக்கும் மலாய்ப் பழக்கத்தில் "ரப்பர் ரப்பர்" என்றான். "டேய், எஸ் போடுடா!" என்று பக்கத்திலிருந்தவள் அதட்டினாள்.

கதவு திறந்தது. மேடம்.

"ஏம்மா, இது டியூஷனா, சூதாட்டக் கடையா?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். அவர் மேசைக்கு வந்து ஒரு ரப்பரை எடுத்து, "ஹூஸ் இஸ் திஸ்?" என்றார். பதில் வந்தது. இன்னொன்று. அதற்கும் வந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். இரண்டு பேர் எஸ்ஸை விழுங்கினார்கள். மற்றவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

"சனிக்கிழமை வந்துரு" என்றார் என்னிடம். "இப்ப அம்மாங்க கீழ நிக்கிறாங்க. என்ன படிச்சாங்கன்னு நீயே போய்ச் சொல்லு."

இறங்கிப் போய், பெயர்ச்சொல் நடத்தினேன் என்றேன்.

"பெயர்ச்சொல்லுக்கா இவ்ளோ சத்தம்?" என்றார் ஒரு அம்மா.