தண்ணீருக்கு அக்கா, பள்ளிக்கூடத்துக்கு நான்

லாரித் தண்ணீரில் டீசல் வாடை அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாலும் அது நாக்கை விட்டுப் போகாது. ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், மழை இல்லாமல் போன அந்த வருடம் வேறு தண்ணீர் கிடையாது. குற்றாலத்திலும் அருவி விழவில்லை; 'சீசனுக்கு' வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் எங்கள் அப்பா, கொல்லத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அம்மா பீடி சுற்றினாள். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்க அவளுக்கு நேரமிருக்காது.

லாரியோ பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் வரும், சில நாள் மத்தியானம்வரை வராது. ஆகவே ஒரு நாள் செல்வி அக்கா, ஒரு நாள் நான் என்று குடங்களோடு வரிசையில் நின்றோம். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், தாமதமாகச் சேர்த்ததால் இருவரும் ஐந்தாம் வகுப்பு. வகுத்தல் கணக்கில் பாதி அவளுக்குத் தெரியும், பாதி எனக்குத் தெரியும். டீச்சர் காலியான இடங்களைப் பார்த்து, "இன்னைக்கு லாரிக்கு எத்தன பேரு?" என்று மட்டும் கேட்பார்.

முழுப்பரீட்சை நெருங்கியது. என் முறை வந்த ஒரு நாள், கடைசிக் குடத்தைக் கோயில் திருப்பத்தில் இறக்கி, நானே சரித்துக் கொட்டினேன். வீட்டுக்குப் போய்க் கால் தடுக்கிவிட்டது என்றேன். அடுத்த முறையும் அப்படியே செய்தேன்.

"ஏட்டி, ஒரு கொடம் தண்ணி ஒழுங்கா கொண்டாரத் துப்பில்ல ஒனக்கு. இனி செல்வியே போவட்டும், நீ பள்ளியொடத்துக்குப் போ," என்றாள் அம்மா.

அக்கா என் கையிலிருந்த காலிக் குடத்தை வாங்கி உள்ளே வைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டார். "மழ பெய்யட்டும் டீச்சர்," என்றாள் அம்மா. ஐப்பசியில் மழை பெய்தபோது அக்காவும் அம்மாவுக்கு எதிரே பீடித்தட்டோடு உட்கார்ந்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. லாரியும் இல்லை, வரிசையும் இல்லை, அதில் நின்ற பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. நான் தென்காசியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் அச்சன்புதூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது, "அன்னைக்குத் தண்ணிய நான் வேணும்னுதான் கொட்டுனேன்," என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

அவள் பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்லா. ஒன் பாவாட நனையவே இல்ல," என்றாள்.

பிறகு தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளி, "இத நீயே எழுதிரு," என்றாள்.