மயிலை விரட்ட என் குரல்

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்ததிலிருந்து மயில்கள் கொல்லையில் இறங்கி விதையைக் கிளறித் தின்கின்றன. இப்படியே போனால் முளைக்க ஒன்றும் மிஞ்சாது.

என் கொழுந்தனுக்குச் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளை நோண்டுவதுதான் பொழுதுபோக்கு. "அண்ணி, நீ கத்துறத ரெக்கார்டு பண்ணி இதுல போட்டுடலாம்" என்றான்.

போன வாரம் போட்டுக் காட்டினான். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது.

"இன்னாடா, எனக்கு ஜலதோஷமா?" என்றேன்.

ரோஷம் வந்து மெமரி கார்டு, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வாங்கிச் சேர்த்தான்.

இன்று காலை ஸ்பீக்கர் பெட்டியைக் கொல்லையில் வைத்தான். "தே! அங்க இன்னா பண்ற? எழுந்து போ!" அச்சு அசலாக என் குரல்.

மயில்கள் பறந்தன. வரப்பில் உட்கார்ந்திருந்த என் வூட்டுக்காரரும் பீடியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

மூன்றாம் முறை பெட்டி கத்தியபோது மயில்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் மட்டும் மறுபடியும் எழுந்தார்.

"அண்ணி, சவுண்டு க்ளியர்தானே?"

"உங்க அண்ணனையே கேளுடா."

நாளையிலிருந்து மயிலை விரட்ட நானே தடியோடு போகிறேன். பெட்டி வீட்டில் இருக்கட்டும்.

மயிலுக்கு வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புருஷனுக்கு என்றால் பெட்டியை இரவல் தருகிறேன்.