மச்சினன் பிடிக்க வேண்டிய கயிறு

சுவிட்சர்லாந்தில் நான் இருக்கும் மலையூரில், காப்பிக்கடை மேசையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பைனாகுலரும் இருக்கும். எதிரே நிற்கும் பாறைச் சுவரில் ஏறுகிறவர்களை வேடிக்கை பார்க்கத்தான். அடேயப்பா, என்ன சுவர்! அடியிலிருந்து உச்சிவரை ஒரே வெடிப்பு, நூல் பிடித்ததுபோல நேராகப் போகிறது. அதில் விரலை நுழைத்து நுழைத்துத்தான் மேலே போக வேண்டும். மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் பத்து வருடம் கிடந்தவன் நான். எனக்கே அதைப் பார்த்து வாயடைத்துப் போனது.

இங்கேயே வளர்ந்த என் மகள் கயல் போன மாதம் அதில் ஏறினாள். கீழே கயிறு பிடித்தவன் லூக்காஸ் என்ற பையன். “அவன் அவளுக்கு யார்? எதை நம்பிக் கயிற்றைக் கொடுத்தாள்?” என்று கடைக்கார உர்ஸிடம் பதறினேன். அவர் கண்ணடித்து, “காதலெல்லாம் இல்லை, கவலைப்படாதே” என்றார். அவருக்கு எங்கே விளங்கப்போகிறது!

எங்கள் குவாரியில், ஆடும் கல்லைப் பெயர்க்கக் கயிறு கட்டி இறங்குவோம். மேலே பிடிப்பவன் இறங்குகிறவனின் மச்சினனாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. பங்காளி கையில் மட்டும் கயிறு கூடாது, சொத்தில் பங்கு இருக்கிறதே. ஒருநாள் தம்பி முத்துவின் மச்சினன் உசிலம்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். “நீ பிடிண்ணே, இம்புட்டு வேலைதான், வெரசா வந்துர்றேன்” என்று தம்பி இறங்கினான். கயிறு வெடுக்கென்று இழுத்தது. உள்ளங்கை எரிந்தது. விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன் என்றது எங்கள் ஊரான ஒத்தக்கடை. அதன்பிறகு அம்மா என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. இங்கே ஓட்டல் சமையல் வேலை கிடைத்ததும் ஓடிவந்தேன். சித்தப்பா காய்ச்சலில் போனதாக மகளிடம் சொல்லிவைத்திருந்தேன்.

போன ஞாயிறு லூக்காஸ் வரத் தாமதமானது. சுவரடியில் கயல் என் இடுப்பில் வாரை மாட்டி, அதில் தொங்கிய பூட்டுக் கருவியில் கயிற்றைக் கோத்தாள்.

“நீங்க பிடிங்கப்பா. கை விட்டாக்கூட இந்த டிவைஸ் பிடிச்சுக்கும்.”

“வேணாம் தாயி.”

“ஏம்ப்பா இம்புட்டு பயம்?”

பொய்யைச் சுமந்து அலுத்துப்போயிருந்தது. “ஒன் சித்தப்பன் காய்ச்சல்ல சாகலம்மா. அவன் கயித்த நாந்தான் பிடிச்சேன். வலி தாங்காம விட்டுட்டேன்.”

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். பங்காளி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை அவள். என் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் வாரிலிருந்து கயிற்றைக் கழற்றினாள்.

“லூக்காஸ் வந்துரட்டும்ப்பா.”

அவன் வந்தான், அவள் ஏறினாள். இடுப்பில் வெறும் வாரோடு, ஊர்ப்பக்கமும் போக முடியாமல், அந்தச் சுவரையும் நெருங்க முடியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.