தரையோரச் சன்னல்

எங்கள் வீட்டுக்கு ஜப்பான் வந்து சேர்ந்தது ஒரு காலண்டரில். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு ஏதோ ஒரு கப்பல்காரர் கொடுத்தது அது. வருடம் முடிந்து தேதிகளுக்கு வேலையில்லாமல் போன பிறகும், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுச் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் ஒரு மரவீடு. கதவுகளைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு ஒரு கிழவரும் கிழவியும் தரையில் உட்கார்ந்து, வெளியே சிவந்து நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தை அத்தை பார்த்ததுபோல வேறு யாரும் பார்த்ததில்லை. அப்பாவின் தங்கை அவள். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போய், கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்தே வளர்ந்தவள். அந்த ஊரில் எல்லோரும் தரையில்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்றாள் ஒருநாள். அங்கே யாருக்குமே நடக்க வராதா என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்த ஐப்பசி மழையில் பின்பக்கத்து மண்சுவர் ஊறிச் சரிந்தது. எல்லோருக்கும் கவலை, அத்தைக்குக் கொண்டாட்டம். சுவர் இருந்த இடத்தில் வேப்பமரம் நின்றது. மரம் என்னவோ எப்போதும் அங்கேதான் இருந்தது. பழைய சன்னல் ஆளின் நெஞ்சுயரத்தில் இருந்ததால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு துண்டு வானமும் எப்போதாவது ஒரு காக்கையும்தான்.

இப்போது பகலெல்லாம் அங்கேயே இருந்தாள். மழை விட்ட பிறகும் மரம் மட்டும் தனியாகச் சொட்டிக்கொண்டிருக்கும். நான் அவள் மடியில் படுத்திருப்பேன். வீட்டுக்குள் இருக்கிறேனா மரத்துக்குள் இருக்கிறேனா என்று தெரியாமலே உறக்கம் வரும். அத்தனை சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

மழைக்காலம் முடிந்து கொத்தனார் வந்தார். வேர் அஸ்திவாரம் வரை வந்துவிட்டது, மரத்தை வெட்டினால்தான் சுவர் நேராக வரும் என்றார். பக்கத்துச் சுவரில் தன் நெஞ்சுக்கு நேராகக் கரித்துண்டால் சன்னலுக்குக் கோடு போட்டார். அத்தை அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, செவரு எழும்பிட்டுன்னா எனக்கு மறுபடி ஆகாசம் மட்டுந்தான்."

அப்பா காலண்டர் அருகே போய் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் இடுப்பு உயரத்தில் சுவரைத் தொட்டுக் கொத்தனாருக்குக் காட்டினார்.

"சன்னல இங்கன இருந்து தொடங்கும்வே."

மரம் நிற்கட்டும், சுவர் அதைச் சுற்றி வளைந்து போகட்டும் என்றார். கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்குமா சன்னல் வைக்கிறோம் என்று கொத்தனார் முனகினார். பாம்பு வரும் என்றாள் அம்மா. சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு பாம்புக்குப் பயந்தால் எப்படி என்று அப்பா சிரித்தார். ஆனாலும் அம்மா, பாம்பு அண்டாமலிருக்கக் கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து, கரைத்து, சன்னலடியில் பூசிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

சித்திரையில் வேப்பம்பூ சன்னல் வழியாக உள்ளே உதிர்ந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையில் நிழலும் பூவும் சேர்ந்து அசைந்தன. நின்றபடி எட்டிப் பார்த்த எனக்கு வேரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"ஏட்டி, உக்காந்து பாரு," என்றாள் அத்தை. உட்கார்ந்தேன். முழுமரமும் இருந்தது.

அடுத்த வாரமே வீட்டிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் அப்பா மச்சில் ஏற்றிவிட்டார். அதில் ஒன்று என் சிம்மாசனம். படத்தில் இருக்கிற வீட்டில் நாற்காலி இல்லை என்பதற்காக என் நாற்காலியைப் பிடுங்கலாமா என்று அழுது தீர்த்தேன். அப்பா மசியவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சன்னலோரம் தரையில் உட்கார்ந்தார்கள். அங்கேதான் நல்ல காற்று வருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யாரிடம் பேசவும் அத்தை அண்ணாந்து பார்க்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.